நான் பார்டா என்று உரக்க வாசித்தேன்

பட்டியல் வெளியானபோது நானும் எட்லேனியும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பேட்டையான பெரிப்பெரியில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் மாலை வகுப்பு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் நாங்கள். நான் ரொட்டிக் கடையிலிருந்து வருவேன். அவள் சூப்பர் மார்க்கெட் கல்லாவிலிருந்து வருவாள். அவளுடைய கைபேசியில்தான் பார்த்தோம். அரசுப் பல்கலைக்கழகம், செவிலியர் படிப்பு, கறுப்பர்களுக்கும் பார்டாக்களுக்குமான ஒதுக்கீடு. வெள்ளையுமில்லாமல் கறுப்புமில்லாமல் நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் எழுதும் பெயர்தான் பார்டா. ஒதுக்கீட்டில் கடைசிப் பெயர் என்னுடையது, ஜுசாரா. அதற்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். அதில் முதல் பெயர் எட்லேனி.

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"என்னடி வெள்ளச்சி, கடைசிப் படியில நிக்கிற. நீ வழுக்கினாத்தான் நான் ஏற முடியும்."

"வழுக்கமாட்டேன்."

"வழுக்கிடாத. ஆனா வழுக்கினா ஒரு குரல் குடு, பக்கத்துலதான் நிப்பேன்."

முன் மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மதிப்பெண் எடுத்துவிட்டால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. இனி நிறத்தைச் சரிபார்க்கும் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

குழுவில் ஐந்து பேர் இருப்பார்கள். காமிராவுக்கு முன்னால் நின்று, நம் பெயரையும் நிறத்தையும் சொல்லும் உறுதிமொழியை உரக்க வாசிக்க வேண்டும். அவர்கள் பார்ப்பார்கள். தோல், முடி, மூக்கு, உதடு. அப்பா என்ன நிறம், பாட்டன் அடிமையாக இருந்தவனா என்பதெல்லாம் கேட்கமாட்டார்கள். தெருவில் உன்னைப் பார்க்கிறவன் உன்னை என்னவாக எடுத்துக்கொள்வான் என்பதுதான் கேள்வி. இப்படி ஒரு குழு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வாயால் சொன்னாலே போதும் என்றிருந்த காலத்தில், பொன்னிற முடி வைத்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பார்டா என்று எழுதிக்கொடுத்து மருத்துவம் படித்தார்கள். அவர்களைத் தடுக்க வைத்த கதவு அது. நியாயமான கதவு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற வருடம் எங்கள் மேல்தெரு அடெவில்சனைக் குழு நிராகரித்தது. அவன் படத்தை யாரோ கைபேசிகளில் சுற்றவிட்டார்கள். படத்தின் குறுக்கே 'மோசடிக்காரன்' என்று எழுதியிருந்தது. அவன் அம்மா தேவாலயத்துக்கு வருவதை நிறுத்தினாள். அவன் இப்போது எங்கோ காஸ் சிலிண்டர் போடுகிறான் என்கிறார்கள். அவன் பொய் சொன்னானா, அல்லது அவனும் என்னைப்போல்தான் நினைத்துக்கொண்டிருந்தானா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்தப் படத்தை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

எதையும் வரிசையாக யோசித்தால் பயம் குறையும் என்று நம்புகிறவள் நான். அதனால் வரிசையாக யோசித்தேன். என் அப்பா ஓசியல் எட்லேனியைப் போல நல்ல கறுப்பு. அம்மா வெளிர் நிறம். நான் இரண்டுக்கும் நடுவில், ஆனால் அம்மாவின் பக்கமாக. ரொட்டிக் கடையின் குழல்விளக்கில் என் கை மாவு நிறமாகத் தெரிகிறது. பேருந்தில் மாலை வெயில் விழும்போது பழுப்பாகத் தெரிகிறது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கையோடு என் கையை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஒரு அம்மாள் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பெரிப்பெரியில் என்னை எல்லோரும் வெள்ளச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே என்னைவிட வெளுத்தவர்கள் குறைவு. ஆனால் தெற்கே, வெள்ளையர்கள் அதிகம் வாழும் குரிச்சிபா நகரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்கு ஒரு வருடம் இருந்தேன். அங்கே வாசல் காவலாளி என்னை ஒருநாள்கூட முன்பக்க லிஃப்டில் ஏறவிடவில்லை. டாக்டரின் மாமியார், 'அந்தக் கறுப்புப் பெண்ணிடம் சாவி கொடுக்காதே' என்று என் காதுபடச் சொன்னாள். ஆக, நான் யார்? குரிச்சிபாக்காரி சொன்னதா, பெரிப்பெரிக்காரர்கள் சொல்வதா? வரிசையாக யோசித்ததில் பயம் கூடித்தான் போனது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் பெயர் வல்டெலிசி, எங்கள் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவள். ஒருத்தியின் தலையை அலசிக்கொண்டே கேட்டாள்.

"பார்டான்னா எழுதிக்குடுத்த?"

"அப்பறம் என்னன்னு எழுதறது?"

"இல்ல கண்ணு, மக்கள்தொகை கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சில்ல? வீட்ல யார் யாரு, என்னென்ன நிறம்னு கேட்டுச்சு. எனக்கு பார்டா, என் மகளுக்கு வெள்ளைன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன? வந்தவ முன்னால உன்னக் கொறச்சா சொல்லுவேன்?"

அம்மாவிடம் தலையைக் கொடுத்திருந்தவள் கண்ணை மூடியபடியே, "நானும் என் பிள்ளைங்கள அப்படித்தான் சொன்னேன்," என்றாள்.

கணக்கெடுப்பில் சொன்னது வேறு யார் கைக்கும் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கோ ஒரு கணினியில் என் பெயருக்கு எதிரே வெள்ளை என்று பதிந்திருக்கிறது, ஐந்து பேரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்கப்போகிறார்கள் என்றே தோன்றியது.

தேர்வு முடிந்தும், தேறியவர்களைக் குழுவுக்குத் தயார்செய்ய மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் கடையில் ஒருத்தி வரவில்லை. அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்ததால் ஒரு மாலை வகுப்புக்குப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா முன்னறை நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காரு. வியாழக்கெழம பெரிய எடத்துக்குப் போற. தலைய இப்படியே விட்டுக்கிட்டா போவ?"

படிப்பு மும்முரத்தில் நான் பல மாதங்களாக முடியை நேராக்காமல் விட்டிருந்தேன். வேரிலிருந்து சுருள் கிளம்பி, காதுவரை வந்திருந்தது. எங்கள் வீட்டில் முக்கியமான நாள் என்றால் முடியை மருந்து போட்டு நேராக்குவது என்று அர்த்தம். முதல் நற்கருணைக்கு, அடையாள அட்டைப் படத்துக்கு, வேலை கேட்டுப் போன நாளுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். இருந்தாலும் ஏதோ உறுத்தியது. எட்லேனிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'குழுவுக்குப் போக முடி பண்ணிக்கலாமா?'

பதில் வரக் கொஞ்ச நேரமானது. அவள் எழுதுகிறாள் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

'எப்பவும் எப்படிப் போவியோ அப்படிப் போ.'

உட்கார்ந்தேன். மருந்தின் நெடி கண்ணை எரித்தது. அம்மா பகுதி பகுதியாகப் பிரித்துச் சூட்டுக் கம்பியால் இழுத்தாள். முடிந்ததும் தோளில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. "இப்பப் பாரு, டாக்டரம்மா மாதிரி இருக்க," என்றாள். செவிலியர் படிப்பு என்று பலமுறை சொல்லியும் அவளுக்கு அது டாக்டர்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் வரலாறு நடத்தும் ஜில்டாசியோ சார் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் முன்பு வேறொரு கல்லூரியில் இப்படிப்பட்ட குழுவில் இருந்தவர்.

"ஜுசாரா, இதை எப்ப பண்ணுன?"

"ஞாயித்துக்கெழம சார்."

"மருந்தா, கம்பி மட்டுமா?"

"மருந்து."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் அவ்வளவு சொன்னேனேம்மா. கொஞ்சம் வெளுத்தவங்க விஷயத்துல முதல்ல முடியத்தான் பாப்பாங்கன்னு. நீ அன்னிக்கு வரலியா?"

"கடையில வேலை சார்."

"சரி விடு. முடி மட்டுமே முடிவு பண்ணாது," என்றார். அவர் சொன்ன விதத்திலிருந்து, முடிதான் முடிவு பண்ணும் என்று எனக்குப் புரிந்தது. திரும்பி எட்லேனியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் காபி ஃப்ளாஸ்க் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"சார் முடி பத்திச் சொன்ன அன்னிக்கு நீ வந்திருந்தியா?"

அவள் ஏற்கெனவே சர்க்கரை போட்ட காபியில் இன்னும் சர்க்கரை போட்டாள்.

"வந்திருந்தேன்."

"அப்ப நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். மொதல்ல 'முடியத் தொடாத'ன்னுதான் அடிச்சேன். அப்பறம் அழிச்சிட்டேன்."

இவ்வளவு நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்னய ஏமாத்திட்ட."

"நான் சொன்னதுல எது பொய்? எப்பவும் போற மாதிரிதான போன்னு சொன்னேன். வேலைக்கு அப்படித்தான போன? அந்த ரொட்டிக் கடையில மொதல்ல போய் வேலை கேட்டது நான். ஆள் வேணாம்னு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் நீ போன, வெள்ளச் சட்டை குடுத்து கல்லாப் பக்கத்துல நிக்கவெச்சாங்க."

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் இருக்கும். உனக்கு ஏன் தெரியணும்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாநிலத்துல கறுப்பருங்க எத்தன பேருன்னு எண்றப்ப உன்ன மாதிரி பார்டாக்களையும் சேத்துத்தான் எண்றாங்க. அந்தக் கணக்க வெச்சுத்தான் இத்தன சீட்டு. உங்களாலதான் கூட்டம் பெருசாத் தெரியுது, ஒத்துக்கறேன். ஆனா கடையில ஆள் எடுக்கறப்ப நீ எங்க கூட்டத்துல இல்லையே, வெள்ளச்சி."

"குரிச்சிபாவுல நான் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன்."

"அப்ப உன் குழுவ குரிச்சிபாவுல போடச் சொல்லு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லடி. நீ ஜெயிக்கணும்னும் இருக்கு, தோக்கணும்னும் இருக்கு. ஒரே தலைக்குள்ள ரெண்டும்."

அவளை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. அவள் சொன்னது சரியோ என்ற சந்தேகம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. நான் யாருடைய இடத்தையோ எடுக்கப் போகிறேனோ? அந்த யாரோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

வியாழக்கிழமைக்குள் முடியைத் துணிசோப்பு போட்டு அலசினேன், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், ஈரத்தோடு பின்னி வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கைவேலை நல்ல வேலை. அவிழ்த்ததும் நேராக விழுந்தது. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "வேர் வரைக்கும் மருந்து ஏறியிருக்கு, மொட்டை அடிச்சாலும் முளைக்கறதுக்கு நாளாகும்," என்றாள் அம்மா. என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சூட்டுக் கம்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், அதுதான் குற்றவாளி என்பதுபோல.

பல்கலைக்கழகத்தின் தாழ்வாரத்தில் நீளமாக நாற்காலிகள். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவர்களையும் அன்றே வரச்சொல்லியிருந்தார்கள். எட்லேனி எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே ஒரு பையன், என் நிறத்தைவிட ஒரு பிடி கறுப்பு. அவன் உள்ளே போனால் வெளியே எந்த முகத்தோடு வருகிறான் என்று பார்க்கக் காத்திருந்தேன். அவனும் என்னை அப்படியே அளந்துகொண்டிருந்தான். நான் பேருந்தில் செய்ததை இங்கே ஒரு தாழ்வாரமே செய்தது.

எட்லேனி உள்ளே போனதும் வந்துவிட்டாள். போகிறபோது என் பக்கத்தில் நின்றாள்.

"அவ்வளவுதான். என்னயப் பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரு ஆள் நான் வாய் தெறக்கறதுக்குள்ள பேனாவ மூடிட்டாரு."

பிறகு, "மூச்சு விடுடி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே ஐந்து பேர். கறுப்பர்கள் இரண்டு பேர், வெள்ளைக்காரர் ஒருவர், ஓர் இளைஞர். நடுவில் இருந்த பெண்மணி கிட்டத்தட்ட என் நிறம். ஆனால் அவருடைய முடி தலையைச் சுற்றிப் பெரிய சுருளாக நின்றது. மற்ற நால்வரைவிட அவரைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். அவருக்கு நான் எதை மறைத்தேன் என்று தெரியும்.

காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். "ஜுசாரா பிட்டங்கா என்கிற நான், நான் பார்டா என்று..." அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். மறுபடி வாசித்தேன், உரக்க. என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. பிறந்ததிலிருந்து உண்மையாக இருந்த ஒரு விஷயம், ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னால் ஏன் திருட்டுபோல ஆகிவிடுகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"பக்கவாட்டுல திரும்புங்க," என்றார் இளைஞர். திரும்பினேன். "முடிய காதுக்குப் பின்னால தள்ளிக்கங்க." தள்ளினேன். அது வழுக்கி மறுபடி முன்னால் விழுந்தது. மறுபடி தள்ளினேன்.

"என் முடி இப்படி இருக்காது," என்றேன். "எங்க அம்மா..."

"விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியதில்லைங்க," என்றார் நடுவில் இருந்த பெண்மணி. கடுமையாகச் சொல்லவில்லை. "நன்றி. நீங்க போகலாம்."

முடிவு மறுநாள் வந்தது. என் பெயருக்கு எதிரே 'உறுதி செய்யப்படவில்லை' என்று இருந்தது. அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"நான் பார்டா இல்லையாம்."

"அப்ப வெள்ளைன்னு அரசாங்கமே சொல்லிடுச்சா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த மாலை முழுக்க என் கண்ணைப் பார்க்காமலேயே சோளமாவுக் கஸ்கஸ் பரிமாறினாள். குழு சொன்னதைவிட அந்த ஒரு கணம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் வாழ்நாளெல்லாம் அவள் அந்தக் கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது எதற்காக என்று அன்றுதான் தெரிந்தது.

மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. வேறு ஆட்கள் அதே காமிராப் பதிவை மறுபடி பார்ப்பார்கள். அதே முடியோடு, அதே தடுமாறிய வாசிப்போடு இருக்கிற பதிவு. நான் மேல்முறையீடு செய்தால் எட்லேனியின் இடம் தொங்கலில் நிற்கும். செய்யாவிட்டால் அவளுக்கு உடனே அழைப்பு போகும். நான் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன். ஆனால் மேல்முறையீடு செய்யாவிட்டால் மோசடிக்காரி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தமாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. செய்தேன். செய்துவிட்டு நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், ஒரு பொட்டலம் மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு அவள் கல்லா வரிசையில் நின்றேன். வேறொருவர் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது.

"மேல்முறையீடு போட்டுட்டேன்."

அவள் மாவுப் பொட்டலத்தை இயந்திரத்தில் காட்டினாள்.

"போடு. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்." பிறகு மிக மெதுவாக, "எப்ப சொல்லுவாங்களாம்?" என்றாள்.

"தெரியாது."

"பை வேணுமா?" என்றாள், மேற்பார்வையாளர் வந்ததால்.

அந்த நாட்களில் அவள் வகுப்புக்கு வரவில்லை. கடையில் யாராவது என்னைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் குனிந்து பார்த்தால், என் படம்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றும்போது முகத்தைக் கீழே வைத்துக்கொள்ளப் பழகினேன். படம் எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதாலும் பயம் போகவில்லை.

இரண்டாவது குழுவும் அதையே சொன்னது. எட்லேனிக்கு அழைப்பு போனது.

பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கிய திங்கட்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். புதுப் பை வைத்திருந்தாள். விலகி நிற்க நினைத்தேன், அவள்தான் வந்தாள்.

"பயமா இருக்குடி," என்றாள். "எல்லாரும் என்னப் பாத்து, ஒதுக்கீட்டுல வந்தவன்னு சொல்லப்போறாங்க."

"நீ மார்க்கும் எடுத்துத்தான போற."

"அத யாரு பாக்கப்போறா?" என் காதோரம் பார்த்தாள். வேரில் சுருள் மெல்லத் தலைகாட்டியிருந்தது. "அம்மாகிட்ட தலையக் குடுத்துடாத. அடுத்த வருஷம் மறுபடி எழுது."

"எழுதலாம். அப்பவும் இல்லைன்னு சொன்னா?"

அவள் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள். அவளிடம் கேட்கவே கூடாது என்று வைத்திருந்த கேள்வி அப்போது வாயில் வந்துவிட்டது.

"நீ சொல்லு எட்லேனி. அந்த ஐஞ்சு பேர்ல நீ ஒருத்தியா இருந்து, என்னை முன்னப்பின்ன தெரியாம இருந்தா, என்ன எழுதியிருப்ப?"

அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து பேர் பார்த்ததுபோலவே பார்த்தாள், நெற்றியில் தொடங்கி, மூக்கு, உதடு, கழுத்து, கை என்று. வெயில் என் பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. நான் அசையாமல் நின்றேன். பக்கவாட்டில் திரும்பட்டுமா என்றுகூடத் தோன்றியது. அவளுடைய பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. பின்னால் நின்றவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"தெரியலடி," என்றாள். "நெசமாவே தெரியல."

ஏறிவிட்டாள்.